வாடகை வீட்டுச் சுவரில் ஓதம்: ஆள் கூப்பிட வேண்டியது யார்?

கார்த்திகையில் ஒருநாள் பீரோவை நகர்த்தித் துடைக்கும்போதுதான் கவனித்தேன். படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உப்பி நின்றது. விரல் பட்டதும் அப்பளம்போல் நொறுங்கி விழுந்தது. உள்ளே பூச்சு மாவாகிக் கிடந்தது, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை.

வீடு நங்கநல்லூரில். கட்டி முப்பது வருஷம் ஆன அடுக்குமாடி. நாங்கள் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், எங்களுக்கு மேலே இன்னொரு வீடு. வாடகை மாதம் 18,000. ஹவுஸ் ஓனர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். நல்ல மனிதர். பழுது என்று சொன்னால் ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை. அப்படியும் இந்தப் பழுது நாலு மாதம் இழுத்தது. பணம் தர அவர் யோசிக்கவில்லை. ஆள் ஏற்பாடு செய்த விதத்தில்தான் தவறு இருந்தது, அதில் பாதி என்னுடையது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். “மழைக்காலம்மா, ஐப்பசி கார்த்திகையில சென்னையில எந்தச் சுவர் காயும்?” என்றார். இரண்டு நாளில் அவருக்குத் தெரிந்த பெயிண்டர் வந்தார். சுரண்டினார், ஓதம் தடுக்கும் கோட்டிங் அடித்தார், பட்டி பார்த்து பெயிண்ட் பூசிவிட்டுப் போனார். 4,500 ரூபாய், ஓனர் கொடுத்தார். மார்கழி முடிவதற்குள் அதே இடம் திரும்ப உப்பியது, இந்த முறை இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு. அடுத்து ஒரு மேஸ்திரியை அனுப்பினார். அவர் குளியலறை டைல்ஸ் இடுக்குகளைக் கீறி கிரவுட் அடைத்தார். அதற்கு 3,000. தை பிறந்து மழை முழுசாக நின்றுவிட்டது. ஓதம் நிற்கவில்லை. இது வெளிச்சுவரே இல்லை, இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர். மழை எப்படி உள்ளே வரும் என்று நாங்கள் யாருமே முதல் நாள் கேட்டுக்கொள்ளவில்லை.

வந்த இருவரும் வேலை தெரிந்தவர்கள். ஆனால் பெயிண்டரைக் கூப்பிட்டால் அவர் பெயிண்டைத்தானே பார்ப்பார்? மேஸ்திரி டைல்ஸைப் பார்ப்பார். எந்த வேலைக்காரர் வேண்டும் என்பதை முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒரு போட்டோவை வைத்து முடிவு செய்தோம். அதே சுவரோடு தினமும் இருந்த நான், கதவைத் திறந்துவிட்டு டீ போட்டுக் கொடுத்ததோடு சரி.

நான் ஒதுங்கி நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு வேளச்சேரியில் இருந்தபோது சமையலறை சிங்க்குக்குக் கீழே சுவருக்குள் போகும் கழிவுக் குழாய் உடைந்தது. ஓனரைக் கேட்காமல் நானே ஆளைக் கூப்பிட்டு, 2,200 ரூபாய் கொடுத்துச் சரி செய்துவிட்டு அப்புறம்தான் சொன்னேன். “என்னைக் கேட்டா செஞ்சீங்க?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பணம் திரும்பி வரவே இல்லை. அந்தச் சூடு மனதில் இருந்ததால், இந்த வீட்டில் எல்லாமே ஓனர் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். இரண்டுமே சரியான வழி இல்லை என்று இப்போது தெரிகிறது.

மாசி மாதம் ஒருநாள் காலையில் கீழ் வீட்டு மாமி மேலே வந்தார். “எங்க பாத்ரூம் மூலையில சொட்டுதும்மா, பக்கெட் வச்சிருக்கேன்” என்றார். ஓனருக்குப் போன் செய்தேன். “ஏழாயிரத்து ஐந்நூறு செலவு பண்ணியாச்சேம்மா, இனி என்ன பண்றது?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். இனி எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட அவரைச் செலவு செய்யச் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். “ஒரு வாரம் டைம் கொடுங்க சார், எங்கேன்னு நான் பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

முதல் வேலை, ஒரு பென்சில். ஓதத்தின் ஓரத்தை ஒட்டி சுவரில் கோடு போட்டேன், பக்கத்தில் தேதி எழுதினேன். தினமும் காலையில் பார்த்து, ஓரம் நகர்ந்திருந்தால் புதுக் கோடு. வாடகை வீட்டுச் சுவரில் கிறுக்குகிறோமே என்று முதல் நாள் கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் இந்தப் பழுதில் கடைசிவரை பேசியது அந்தக் கோடுகள்தான்.

அடுத்து ஒரு பாலிதீன் உறை. அதை வெட்டி, ஓதம் இருக்கும் இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். ஒருநாள் கழித்துப் பார்த்தால் உறையின் உள்பக்கம், சுவரைத் தொடும் பக்கம், முத்து முத்தாக நீர். அறைக் காற்றின் ஈரமாக இருந்தால் வெளிப்பக்கம்தான் பூத்திருக்கும். ஆக, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

சரி, சுவருக்குள் எங்கிருந்து? எனக்குத் தோன்றியது மூன்று வழிதான். குளியலறைத் தரையும் அதன் வடிகாலும், பச்சைத்தண்ணீர்க் குழாய், வெந்நீர்க் குழாய்.

தரையைச் சோதிக்கச் சொட்டு நீலம் போதும். பழைய துணியைப் பாலிதீன் பையில் சுருட்டி வடிகால் வாயை அடைத்தேன். தரையில் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் தேக்கி, வேட்டிக்குப் போடும் நீலத்தைத் தாராளமாக ஊற்றினேன். கீழ் வீட்டு மாமியிடம் முன்பே சொல்லிவைத்தேன், இல்லாவிட்டால் நீலத் தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிடுவார். நாலு மணி நேரம் அப்படியே விட்டேன். அவர் வைத்திருந்த பக்கெட்டில் எப்போதும்போல் சொட்டியது, ஆனால் தெளிந்த தண்ணீர். சொட்டு கூடவும் இல்லை. சாயங்காலம் அடைப்பை எடுத்து நீலத் தண்ணீர் முழுவதையும் வடிகாலில் விட்டேன், அப்போதும் நீலம் இறங்கவில்லை. தரையும் வடிகாலும் சந்தேகத்திலிருந்து விலகின. மேஸ்திரி அடைத்த கிரவுட்டுக்கு அவசியமே இருக்கவில்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் வைத்துக் காது கொடுத்தும் பார்த்தேன். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு, ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கீசர் போட்ட பிறகு சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் வெந்நீர்க் குழாய் போகும் சுவர் எப்படியும் சூடாகும், அதனால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான விடை கொடுத்தது கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக், அதாவது சுவரோரம் இருக்கும் சின்ன வால்வு. அதை மூடிவிட்டால் வெந்நீர்ப் பாதைக்குப் புதுத் தண்ணீர் வராது, பச்சைத்தண்ணீர்ப் பாதை எப்போதும்போல் இருக்கும். கீசர் சுவிட்சை அணைத்து, யாரும் மறந்துபோய்ப் போட்டுவிடாதபடி மேலே டேப் ஒட்டினேன். இதைச் செய்யாமல் வால்வை மூடக்கூடாது, தண்ணீர் வராமல் கீசர் ஓடுவது ஆபத்து. நாலு நாள் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்தோம். இரண்டாம் நாளே மாமி வீட்டில் சொட்டு நின்றது. நாலாம் நாள் ஓதத்தின் ஓரம் பென்சில் கோட்டுக்கு உள்ளே வெளிறத் தொடங்கியது. ஐந்தாம் நாள் காலையில் வால்வைத் திறந்தேன். மறுநாள் சாயங்காலம் மாமி மறுபடி பக்கெட்டை வைத்தார். அவருக்கு அதில் வருத்தம்தான், எனக்கோ நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. மூடினால் நிற்கிறது, திறந்தால் வருகிறது. சுவருக்குள் போகும் வெந்நீர்க் குழாய்தான்.

இந்த இடத்தில்தான் யாருடைய வேலை என்ற கேள்வி வருகிறது. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் “சிறு பழுதுகள் குடியிருப்பவர், பெரும் பழுதுகள் உரிமையாளர்” என்று ஒரே ஒரு வரி. எது சிறுசு, எது பெருசு என்று அதில் இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இப்படித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றி 2017-இல் ஒரு சட்டம் வந்தது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் பழுதுகளைப் பெயர் சொல்லியே பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர் பைப்புகளை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. தண்ணீர் திறக்கும் குழாயையும் அதன் வாஷரையும் மாற்றுவது, வடிகால் அடைப்பு, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவருக்கு. குடியிருப்பவரே சேதப்படுத்தியதால் வரும் கட்டமைப்புப் பழுது உரிமையாளர் கணக்கில் வராது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி.

அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. எழுத்தில் தெரிவித்த பிறகும் உரிமையாளர் தன் பங்குப் பழுதை நியாயமான காலத்துக்குள் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் தானே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது. “எழுத்தில்” என்ற வார்த்தைதான் முக்கியம். வேளச்சேரியில் நான் தவறவிட்டது அதைத்தான்.

இந்த அட்டவணை, செலவு யாருடையது என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. யார் ஆளைத் தேடுவது, யார் லீவு போட்டு வீட்டில் இருப்பது, சுவரை உடைத்த பிறகு “இப்படிச் செய்யவா, அப்படிச் செய்யவா” என்று கேட்டால் யார் பதில் சொல்வது என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் அடங்காது. நான் நினைப்பது இதுதான். எங்கே பழுது என்று கண்டு சொல்வது வீட்டில் இருப்பவரின் வேலை, ஏனென்றால் அவர்தான் தினமும் பார்க்கிறார். என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் பணம் கொடுப்பதும் வீட்டுக்காரரின் வேலை, ஏனென்றால் அது அவர் சுவர். ஆளைக் கூப்பிடுவது, யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர். ஆனால் மற்றவர் எழுத்தில் சரி சொன்ன பிறகுதான்.

ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். “சார், வணக்கம். குளியலறை வெந்நீர்க் குழாய் சுவருக்குள் ஒழுகுகிறது. கீசர் வால்வை மூடிய நாலு நாள் கீழ் வீட்டில் சொட்டவில்லை, திறந்த மறுநாள் சொட்டியது. தேதியோடு போட்டோ வைத்திருக்கிறேன். பிளம்பர் தேவை, பெயிண்டர் இப்போது வேண்டாம். நீங்கள் ஆள் அனுப்புகிறீர்களா, நான் பார்க்கட்டுமா? நான் பார்ப்பதென்றால் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று எழுதிவிடுங்கள்.” பென்சில் கோடுகளின் ஐந்து போட்டோக்களையும் சேர்த்தேன். அரை மணியில் போன் வந்தது. “நீயே பாரும்மா, எனக்கு இங்கேயிருந்து ஒண்ணும் புரியல” என்றார். “அதையே மெசேஜ்ல போட்டுடுங்க சார்” என்றேன். “ஏழாயிரம் வரை செய்யவும். வாடகையில் கழித்துக்கொள்ளவும்” என்று வந்தது. அந்த ஒரு வரி கையில் இருந்ததால் அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட எனக்குப் பதற்றம் இல்லை.

தெருமுனை ஹார்டுவேர் கடையில் இரண்டு பிளம்பர்களின் நம்பர் கிடைத்தது. ஒருவர் வாசலில் நின்றபடியே “மொத்த பாத்ரூமையும் உடைக்கணும்” என்றார். இன்னொருவர் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். “அக்கா, இந்தக் கோடு போட்டது யாரு?” என்று கேட்டார். சொன்னேன். கோடுகளைக் கீழிருந்து மேலாக விரலால் தடவிக்கொண்டே போய், குளியலறைப் பக்கம் சுற்றி வந்து, வெந்நீர் விழும் குழாயின் அடியில் விரலை வைத்தார். “இங்க ஆறு இஞ்ச் மட்டும் திறக்கலாம்” என்றார். அவரையே வேலைக்குப் பேசிவிட்டேன்.

தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் உளி வைத்து ஒரு டைலை எடுத்தார். உள்ளே செங்கல் ஊறிக் கறுத்திருந்தது. ஜிஐ என்கிற இரும்பு பைப்பும், அது குழாய்க்குத் திரும்பும் எல்போ என்ற வளைவு இணைப்பும் தெரிந்தன. எல்போவின் மேல் துரு புற்று மாதிரி அடையடையாக ஏறியிருந்தது. ஈரத் துணியால் துடைத்ததும், பைப் எல்போவுக்குள் நுழையும் மரை ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தது. அதில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, வழிந்து, செங்கலுக்குள் காணாமல் போனது. மூன்று விநாடிக்கு ஒன்று. நாலு மாதமாகப் பகலும் இரவும் அதே சொட்டுதான்.

மரையில்தான் ஏன் ஓட்டை விழுகிறது என்றும் விளக்கினார். ஜிஐ பைப்புக்குத் துருப் பிடிக்காமல் மேலே துத்தநாகப் பூச்சு இருக்கும். மரை வெட்டும்போது அந்த இடத்தில் பூச்சும் போய்விடும், இரும்பின் கனமும் குறைந்துவிடும். வெந்நீர் ஓடினால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் பழைய வீடுகளில் பச்சைத்தண்ணீர்ப் பாதைக்கு முன்பே வெந்நீர்ப் பாதை போய்விடுகிறதாம்.

இரண்டு வழி சொன்னார். எல்போவை மட்டும் மாற்றலாம். ஆனால் முப்பது வருஷத் துருவில் ரெஞ்ச் போட்டுத் திருகினால் மேலே உள்ள பைப் முறியலாம், அப்புறம் கீசர் வரை சுவரை உடைக்க வேண்டிவரும். அல்லது பழைய பாதையைக் கீசரிலிருந்தே துண்டித்து அடைத்துவிட்டு, சுவருக்கு வெளியே சிபிவிசி பைப், அதாவது வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப் போடலாம். பார்க்க அவ்வளவு அழகாக இராது, ஆனால் நாளைக்கு ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று பட்டது. ஆனாலும் அதை நான் சொல்லவில்லை. வீடியோ கால் போட்டு போனைப் பிளம்பரிடமே கொடுத்தேன். ஓனர் அந்தச் சொட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வெளியவே போட்ருப்பா” என்றார்.

மூன்று மணி நேர வேலை. பைப்பை அளந்து வெட்டி, பிசிறைக் கத்தியால் வழித்து, சிபிவிசிக்கென்றே உள்ள சால்வென்ட்டைத் தடவி, சொருகிக் கால் திருகு திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். வெந்நீர்ப் பாதைக்கு யுபிவிசி என்ற சாதாரண பிளாஸ்டிக் பைப் ஆகாது, சூட்டில் இளகிவிடும். குழாய் பொருத்தும் இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போ, மரைக்கு டெஃப்ளான் டேப். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் விடக்கூடாது என்றார். மறுநாள் பச்சைத்தண்ணீர் மட்டும் விட்டுப் பார்த்தோம், அதற்கடுத்த நாள்தான் கீசர். உடைத்த பள்ளத்தை உடனே மூட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். நாலு நாள் காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்த்து, டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்த்த பிறகே மேஸ்திரி வந்து மூடினார். பழைய டைல் இப்போது எங்கும் கிடைப்பதில்லை, வெள்ளை டைல் ஒன்றை வைத்தோம்.

பிளம்பர் கூலி 2,800, சாமான் 1,640, மேஸ்திரிக்கும் டைலுக்கும் சேர்த்து 1,500. மொத்தம் 5,940. எல்லா பில்லையும் ஓனர் பெயரில் போடச் சொல்லி, படம் எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த மாத வாடகையாக 12,060 கட்டினேன். வெந்நீர் திறக்கும் பழைய குழாயின் திருகு தேய்ந்திருந்தது. அதற்குப் பதில் புதுக் குழாய் 650 ரூபாய்க்கு நானே வாங்கிப் போட்டேன். அது என் பங்கு, அதை ஓனரிடம் கேட்கவில்லை. மாமி வீட்டு சீலிங் கறையைப் பற்றி ஓனரே அந்த வீட்டுக்காரரிடம் பேசி முடித்துக்கொண்டார்.

சுவர் காய்வதற்கு இரண்டு மாதம் பிடித்தது. பீரோவைத் தள்ளியே வைத்து, ஃபேனைத் திருப்பிவிட்டு, அதே பாலிதீன் சோதனையை வாரம் ஒருமுறை செய்தேன். உறையின் உள்பக்கம் முழுசாகக் காய்ந்தது சித்திரை கடைசியில்தான். அப்புறம்தான் ஓனர் பெயிண்டரை அனுப்பினார், பழைய அதே பெயிண்டர். 3,500 ரூபாயை ஓனரே அவருக்கு ஜிபேயில் போட்டுவிட்டார். பென்சில் கோடுகளின் மேல் பட்டி ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பச்சைத்தண்ணீர்ப் பாதையும் அதே வயசு ஜிஐ பைப்தான். அதையும் ஓனருக்கு எழுதிவிட்டேன். “ஆடி போகட்டும், இரண்டு பேரிடம் ரேட் கேட்டு அனுப்பவும்” என்று பதில் வந்திருக்கிறது. ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.